ஜெமி உள்ளே இருக்கிறாள்

ஜெமி இறந்து எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்கு, அவள் பெயர் கணினித் திரையில் வந்தது.

அபிலாஷ் அந்த வரியை இரண்டு முறை படித்தான். பயனர், ஜெமி. நிலை, உள்ளே இருக்கிறார். தேதி அன்றைய தேதிதான்.

பாளையங்கோட்டை ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், பதினொரு பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனி அது. அவனும் ஜெமியும் அங்கேதான் பழகினார்கள், அங்கே இருக்கும்போதுதான் கல்யாணமும் செய்துகொண்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் கன்டெய்னர் யார்டுக்கு அவள் ஒருத்தியாகவே ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தாள். லாரி வந்தால் எடை போட்டு, படம் எடுத்து, சீட்டு அடித்து வெளியே விடும். நவம்பரில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆறு நாள். அவ்வளவுதான்.

அந்த மென்பொருள்தான் இப்போது மக்கர் செய்தது.

"உன்கிட்ட இதைக் கேக்க எனக்கு வாயே வரமாட்டேங்குலே," என்று சொல்லித்தான் செல்வதுரை அதை அவனிடம் கொடுத்தார். கம்பெனி அவருடையது. நாசரேத்துக்காரர். அவர்கள் கல்யாணத்தில் வேதபாடம் வாசித்தவர். "தினமும் பதினோரு மணிக்கு மேல டேட்டாபேஸ் லாக் ஆகி நின்னுருதாம். ஒரு சீட்டு வரல. நாலு பேரை விட்டுப் பாத்தாச்சு. ஜெமி எழுதின கோடு ஒருத்தனுக்கும் பிடிபடல."

"பாக்கேன் சார்."

"சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா சென்னைக்காரன்கிட்ட போயிருவேன்னு யார்டு மேனேஜர் மூஸா நெய்னா சொல்லுதாரு. உனக்கு முடியாதுன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"பாக்கேன் சார்."

அந்த எட்டு மாதத்தில் அவன் பேசியதில் பாதி இந்த ஒரு சொல்தான்.

கோளாறைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. யார்டின் எல்லாக் கேட்டுக்கும் சீட்டு எண் ஒரே பதிவேட்டிலிருந்து போகிறது. ஒருவர் அதைக் கையில் எடுத்தால், சீட்டை அடித்து முடித்துக் கீழே வைக்கும்வரை அடுத்தவர் தொட முடியாது. நடுவில் ஒரு எண்கூட விட்டுப்போகக் கூடாது என்று யார்டுக்காரர்கள் பிடிவாதமாகக் கேட்டதால் ஜெமி அப்படி அமைத்திருந்தாள். இப்போது யாரோ பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். யார் என்று பார்த்தால் போதும்.

பார்த்தான். ஜெமி.

பேய் என்று அவன் நினைக்கவில்லை. யாரோ அவள் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு நுழைகிறார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. அந்த வரியைத் தேர்ந்து ஒரு கட்டளை அடித்தால் அவளை வெளியே தள்ளிவிடலாம். பூட்டு விட்டுவிடும். கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனான். அதற்குள் அவள் வேலையைத் தொடங்கியிருந்தாள். 10:44க்கு ஒரு சீட்டு. 10:47க்கு இன்னொன்று.

கையை எடுத்துவிட்டான்.

அன்று முழுக்க அவன் வேறு எதையும் பார்க்கவில்லை. பதினோரு மணிக்கு அவள் பெயர் இரண்டு வரியில் இருந்தது. பன்னிரண்டுக்கு நான்கு வரியில். ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் இருந்தாள். ஒன்றரைக்கு எல்லா வரியும் அசையாமல் நின்றன. சாப்பிடப் போயிருப்பாள். அவனும் டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். மாலை ஆறு பத்துக்குக் கடைசி வரி மறைந்தது. அவனும் கிளம்பினான். வீட்டுக்குப் போகும் வழியில் வேகத்தடை வந்த இடத்திலெல்லாம், பின்னால் ஆள் இருப்பதுபோல, பைக்கை மெதுவாக ஏற்றி இறக்கினான்.

மறுநாள் ஏழு மணிக்கே ஆபீஸைத் திறந்தான். அவள் ஏழு ஆறுக்கு வந்தாள். உயிரோடு இருந்தபோது ஒன்பதரைக்கு முன்னால் அவள் வந்ததே இல்லை.

அன்று, அவள் எழுதிய கோடு இருந்த கோப்பைத் திறந்து படித்தான். காரணம் மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. யாராவது பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் மென்பொருள் தானே அவர்களை வெளியே தள்ளிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விதிக்கு மேலே, ஒரே ஒரு பெயருக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. பக்கத்தில் அவள் தனக்கென்று ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தாள்.

ஜெமியை வெளியே தள்ளாதே. டெஸ்ட் போட்டுட்டு சாப்பிடப் போவேன்.

அவ்வளவுதான் கோளாறு. அந்த வரியை எடுத்தால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை.

அபிலாஷ் கோப்பை மூடினான். சாயங்கால அறிக்கையில், 'காரணம் தேடப்படுகிறது' என்று எழுதினான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். யாரிடம் சொன்னான் என்பது அவனுக்கே தெளிவில்லை.

வியாழக்கிழமை பதினொன்று ஐம்பதுக்குப் போன் வந்தது.

"சார், யார்டுல குளிர் கன்டெய்னர் போற ரீஃபர் கேட்டுல இருந்து பிளாரன்ஸ் பேசுதேன். சீட்டு நிக்குது சார். தருவைகுளத்து நண்டு லாரி ஒண்ணு வெயில்ல கிடக்கு. ஐஸ் உருகுதுன்னு அந்த அண்ணன் நின்னு கத்துதாரு."

"எவ்வளவு நேரமா?"

"நாப்பது நிமிசமா. ஜெமி வரமாட்டேங்கா."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான். "யாரு?"

"ஜெமி சார். ஜெமி வந்தாத்தானே சீட்டு வரும்."

"பாக்கேன்," என்றான்.

பார்த்தான். நான்கு வரிகள். மேலே இருந்த ஒன்று பதிவேட்டைப் பிடித்திருந்தது. மற்ற மூன்றும் அது விடட்டும் என்று காத்திருந்தன. ஜெமிக்காக ஜெமி காத்திருந்தாள். எதைத் தள்ள வேண்டும் என்று தெரியும். கட்டளையைக்கூட அடித்துவிட்டான். என்டர் ஒன்றுதான் பாக்கி. அடித்ததை எழுத்து எழுத்தாக அழித்தான். மறுபடி அடித்தான். மூன்று நாளில் அந்த ஒரு வரிதான், மற்றவைபோல வந்து மறையாமல், இவ்வளவு நேரம் அவனோடேயே இருந்தது.

ஒன்று இருபதுக்குச் செல்வதுரை அறைக்கதவைத் திறந்தார். "ஏலே, நெய்னா போன்ல கத்துதாரு. இன்னும் நிக்குதா?"

அபிலாஷ் என்டரைத் தட்டினான். வரி மறைந்தது. யார்டில் சீட்டு அடிக்கும் சத்தம் அவனுக்குக் கேட்காது. கேட்டதுபோல இருந்தது.

"நான் அங்கன போயிட்டு வாரேன் சார்."

ரோட்டின் இருபுறமும் உப்பு குவித்து தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஜூலை வெயில் அதன்மேல் பட்டுக் கண்ணைக் குத்தியது. யார்டு வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. அதன் வாலிலிருந்து தண்ணீர் சொட்டி, தரையில் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நண்டு நாற ஆரம்பித்திருந்தது. லாரிக்காரன் ரெக்சன் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளிவைத்தான். பதினாலு பெட்டி.

"நீருதான் கம்ப்யூட்டர்காரரா?"

"ஆமா."

"விடியக்காலம் கரையில ஏலம் எடுத்த நண்டுவே. உள்ள கன்டெய்னர்ல ஏத்துததுக்குப் பத்து நிமிசம் போதும். ஜெமி வரல, ஜெமி வரலன்னு இந்தப் பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டே இருக்கு. யாருவே அவ? கலெக்டரா? அவ வந்தாத்தான் கேட்டைத் தொறப்பியளோ?"

கேட்டின் கண்ணாடிக் கூண்டிலிருந்து பிளாரன்ஸ் தலையை நீட்டினாள். இருபத்திரண்டு வயதிருக்கும். வேலைக்கு வந்து மூன்று மாதம். "அண்ணே, சும்மா இரிங்க. ஜெமின்னா ஆளு இல்ல. கம்ப்யூட்டர்ல போடுத பேரு."

"ஆளுதான்," என்றான் அபிலாஷ். "என் வீட்டுக்காரி."

"அப்போ போனைப் போடும் அவளுக்கு," என்றான் ரெக்சன். "நான் பேசுதேன்."

"எட்டு மாசத்துக்கு முன்ன இறந்துட்டா."

ரெக்சன் கையிலிருந்த பெட்டி மூடியைக் கீழே வைத்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பிளாரன்ஸ் கூண்டுக்குள் இருந்த கணினியைப் பார்த்தாள். நாற்காலியை அதனிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டாள்.



"சரி," என்றான் ரெக்சன், குரலை இறக்கி. "நண்டுக்கு என்ன சொல்லுதிய?"

"என் தப்பு. சீட்டு நின்னப்ப நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டா? எதை?"

அந்த நேரத்தில் மூஸா நெய்னா ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார். காயல்பட்டினத்துக்காரர், யார்டை நடத்துபவர். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. திட்டுவதற்கென்றே வந்தவர், அபிலாஷைப் பார்த்ததும் நின்றார். அடக்கத்துக்கு வந்திருந்தவர் அவர்.

"ரெக்சன், நண்டு சங்கதியை நான் பாத்துக்கிடுதேன். நீ மிச்சத்தை ஏத்து," என்று அவனை அனுப்பினார். பிறகு பிளாரன்ஸிடம் விவரம் கேட்டுக்கொண்டு, அபிலாஷிடம், "இவனுவ ஜெமி பேரைப் போட்டா சீட்டு அடிக்கானுவ? அல்லாவே. எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சா விடுவேனா?"

"யாரு முதல்ல போட்டாங்கன்னு பாக்கணும் சார்."

"அது ஞானதீபமாத்தான் இருக்கும். இங்கன எது நடந்தாலும் எடைமேடையில இருந்துதான் தொடங்கும்."

எடைமேடை யார்டின் மறுகோடியில் இருந்தது. உப்பு லாரிகள் வரிசையாக நின்றன. ஞானதீபம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக எடை போடுகிறவர். மேடை அதிர்வதை வைத்தே ஏறிய லாரி எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். அபிலாஷ் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

கணினியின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. ஜெமியின் கையெழுத்து. சாய்ந்து, அவசரமாக. மேலே அவள் பெயர். கீழே கடவுச்சொல். உப்பு, அதற்குப் பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று.

மூன்று நாளாக அந்தக் கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான். கல்யாணத் தேதி. அவன் பெயர். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரையில் ஒருநாள் நின்றார்களே, அந்த ஊர். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். எதிரே ஒரு உப்பு லாரி நின்றது. அன்றைக்கும் ஏதோ ஒரு லாரி நின்றிருக்கும். கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறாள்.

"ஒரு வியாழக்கிழமை வந்துச்சு அந்தப் பிள்ளை," என்றார் ஞானதீபம். "எங்க எல்லாத்துக்கும் பொதுவா இருந்த ஐடியில போனா லாரி போட்டோ தொறக்கமாட்டேங்கு. அனுமதி இல்லை, அனுமதி இல்லைன்னே வருது. வெளிய அறுபது லாரி. லேசாக் காய்ச்சல் அடிக்கு அண்ணாச்சின்னு சொல்லிச்சு. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இப்போதைக்கு என் பேர்ல போட்டுக்கிடுங்க, திங்கக்கிழமை வந்து ஆளாளுக்குத் தனியாப் போட்டுத் தாரேன்னு எழுதி ஒட்டிட்டுப் போச்சு."

சனிக்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"மத்த ஐடின்னா அஞ்சு நிமிசத்துல வெளிய தள்ளிரும் தம்பி. நான் லாரி திரும்பி வாரவரைக்கும் சீட்டை மூட மாட்டேன்லா. உள்ள போன லாரி சரக்கு இறக்கிட்டு வெறும் வண்டியா வந்து மேடை ஏறணும். அப்பத்தான் கணக்கு நேராகும். புத்தகத்துல எழுதுன காலத்துல சீட்டு நடுவுல பேனாவைச் சொருகி வச்சிருப்போம். யாரும் தொட மாட்டான். ஜெமி ஐடி அதே மாதிரி. ஒரு மணி நேரமானாலும் தள்ளாது. தங்கமான ஐடின்னு நான்தான் ரீஃபர் கேட்டுக்குச் சொன்னேன், உப்பு ஷெட்டுக்குச் சொன்னேன்..."

அவர் நிறுத்தினார்.

"நண்டு லாரி நின்னப்ப பேனாவைச் சொருகி வச்சிருந்தது நான்தானா?"

"நீங்க வச்சிருந்தீங்க அண்ணாச்சி. எடுக்காம விட்டது நான்."

ஞானதீபம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "செய்தி தெரிஞ்ச அன்னைக்கே அந்தக் காயிதத்தைக் கிழிச்சிரலாம்னு நினைச்சேன். மனசு வரல. அதுவும் ஒண்ணு. கிழிச்சுட்டா வேற எப்படி உள்ள போறதுன்னும் தெரியல."

வெள்ளிக்கிழமை காலை அபிலாஷ் எடைமேடைக் கூண்டிலேயே மடிக்கணினியைப் போட்டு உட்கார்ந்தான். ஒரு திங்கட்கிழமைக்கு உரிய வேலை, எட்டு மாதம் தள்ளி.

முதலில் லாரிப் படங்கள். அந்தக் கோப்புகள் எல்லாம் ஜெமி ஒருத்திக்கு மட்டும் திறக்கும்படி இருந்தன. பரிசோதிக்கும்போது அப்படி வைத்து, பிறகு மாற்ற மறந்திருக்கிறாள். எல்லோருக்கும் திறந்துவிட்டான். அடுத்து ஏழு பேருக்கு ஏழு பெயர். அவன் திரும்பிக்கொள்ள, ஒவ்வொருவராக வந்து கடவுச்சொல் அடித்தார்கள்.

"சார், நானும் உப்பே போட்டுக்கிடவா?" என்றாள் பிளாரன்ஸ். "கை பழகிப்போச்சு."

"கூடாது."

"மிளகா?"

அவன் சிரித்தான். சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. பிளாரன்ஸ் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

ஞானதீபத்துக்காக ஒன்று கூடுதலாகச் செய்தான். முதல் எடை போட்டதும் லாரியைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டுவிட்டுப் பதிவேட்டைக் கீழே வைக்கலாம். லாரி திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். பேனா சொருகியபடியே இருக்கும், புத்தகம் மற்றவர் கைக்கும் போகும்.

மிச்சம் இருந்தது ஒரு பெயர். நீக்கு என்று கட்டளை அடித்தான். சர்வர் மறுத்தது. இந்தப் பெயரை நீக்க முடியாது, முப்பத்தாறு அட்டவணைகள் இதைச் சார்ந்திருக்கின்றன என்றது.

செல்வதுரைக்குப் போன் செய்து அதைச் சொன்னான்.

"எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்திட்டு அதை நீக்கிருலே," என்றார் அவர்.

"நீக்கல சார். உள்ள நுழைய மட்டும் முடியாதபடி பண்ணிருதேன். டேபிள் எல்லாம் அவ பேர்லயே கிடக்கட்டும்."

"அதனால ஆபத்து ஒண்ணும் வராதுல்லா?"

"வராது."

கட்டளையை அடித்தான். இனி யாரும் அந்தப் பெயரில் புதிதாக நுழைய முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. ஒரு வரி இன்னும் இருந்தது. ஜெமி, உள்ளே இருக்கிறார்.

"அது என்னோடது தம்பி," என்றார் ஞானதீபம். "காலையில பழைய பேர்ல போட்டது. உப்பு லாரி ஒண்ணு உள்ள போயிருக்கு. தள்ளணும்னா தள்ளிருங்க. நான் கையில எழுதிக்கிடுதேன்."

"வேண்டாம். லாரி திரும்பி வரட்டும்."

"மத்த கேட்டுல நிக்குமே?"

அபிலாஷ் வெளியே எட்டிப் பார்த்தான். எந்தக் கேட்டிலும் வண்டி இல்லை. "இப்ப யாரும் இல்ல. வந்தா தள்ளிருதேன்."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கடல் காற்றில் கூண்டின் தகரம் விட்டுவிட்டுத் தட்டியது. வரியின் பக்கத்தில் நிமிடங்கள் ஏறின. பதினாறு. பதினேழு. இருபத்திரண்டாவது நிமிடத்தில் லாரி வெறும் வண்டியாக வந்து மேடையில் ஏறியது. சீட்டு அடித்து வெளியே வந்தது. அடியில், எடை போட்டவர் ஜெமி. ஞானதீபம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அபிலாஷைப் பார்த்தார். டிரைவர் ஜன்னலில் கை நீட்டினான். சீட்டைக் கொடுத்தார். டிரைவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அபிலாஷ் என்டரைத் தட்டினான்.

ஜெமியின் கடைசி வரி திரையிலிருந்து மறைந்தது. காகிதத்தை அவன்தான் பிய்த்தான். பசை காய்ந்திருந்ததால் லேசாகவே வந்தது. அவள் கோப்பில், ஜெமியை வெளியே தள்ளாதே என்ற அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை. அது இனி யாருக்கும் பயன்படாது, யாரையும் நிறுத்திவைக்காது. இருக்கட்டும் என்று விட்டான்.

திங்கட்கிழமை யார்டில் ஒரு சீட்டும் நிற்கவில்லை. மூஸா நெய்னா போன் செய்து செல்வதுரையிடம் ஐந்து நிமிடம் சந்தோஷமாகப் பேசினார். அபிலாஷ் சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தான். ஜெமி, அனுமதி மறுக்கப்பட்டது. ஏழு ஆறுக்கு ஒன்று. அப்புறம் வரிசையாக, மொத்தம் பதினொன்று. பழக்கத்தில் கை அந்தப் பெயருக்குப் போகிறது. வாசல்வரை வருகிறாள், திரும்பிப் போகிறாள். செவ்வாய்க்கிழமை ஐந்து. வியாழக்கிழமை ஒன்று, காலை ஏழு ஆறுக்கு.

"கை போயிருது தம்பி," என்றார் ஞானதீபம் போனில். "கோவிச்சுக்கிடாதிய."

"இல்ல அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. சனிக்கிழமையும் இல்லை.

ஞாயிறு யார்டுக்கு விடுமுறை. அபிலாஷ் கோயிலுக்குப் போகவில்லை. மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். பெயர் கேட்ட இடத்தில் ஜெமி என்று அடித்தான். கடவுச்சொல் கேட்ட இடத்தில் உப்பு, ஒன்று, இரண்டு, மூன்று.

ஒரு நொடி எடுத்துக்கொண்டது. பிறகு, அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது.

சரியாகத்தான் வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டான். மடிக்கணினியை மூடவில்லை.